சென்னையில் 240, சிங்கப்பூரில் 178: எது சரி?

கேள்வி: எனக்கு 52 வயது, சுத்த சைவம். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறேன். ஊருக்குப் போனபோது சென்னையில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் வைட்டமின் பி12 240 வந்தது. சிங்கப்பூர் திரும்பிக் கொஞ்ச நாளில் கிளினிக்கில் எடுத்தால் 178! பாதம் வேறு மரத்துப் போகிறது. இவ்வளவு வேகமாகவா குறையும்?
– வாசகி, யீஷூன்

பதில்: குறையவே இல்லை அம்மா. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்று போடுவார்கள், இங்கே லிட்டருக்கு இத்தனை பிகோமோல். 240-ஐ 0.738ஆல் பெருக்கிப் பாருங்கள், 177 வரும். வைட்டமின் டி-யிலும் இதே கூத்துதான், அங்கத்திய 20 இங்கே 50 ஆகிவிடும், அதைப் பார்த்து ஏறிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

அதற்காக ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். 148 பிகோமோலுக்குக் கீழே போனால் குறைபாடு என்பார்கள். உங்களுடையது அதற்குச் சற்று மேலே, ரெண்டுங்கெட்டான் நிலை. சைவச் சாப்பாட்டில் பாலும் தயிரும் விட்டால் பி12 கிடைக்க வழி குறைவு, மெட்ஃபார்மினோ வருடக்கணக்கில் போட்டால் அதைக் குடல் உறிஞ்சுவதையே குறைக்கும். பாதம் மரத்துப்போவது சர்க்கரையாலும் வரும், பி12 குறைந்தாலும் வரும், அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் மெத்தில்மலோனிக் அமிலம் பார்க்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உடம்புக்குப் பி12 போதவில்லை என்றால் இந்த அமிலம் ரத்தத்தில் ஏறும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் ஏறும் என்பதால் சிறுநீரக ரிசல்ட்டையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் நன்றாகத்தானே இருக்கிறது என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள், ரத்தசோகை இல்லாமலேயே நரம்பு பாதிக்கப்படலாம். அப்புறம், மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். டெஸ்ட்டுக்கு முன் பி12 மாத்திரையும் வேண்டாம், எண் ஏறி உண்மை மறைந்துவிடும்.

கேள்வி: வைட்டமின் டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா? முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: பி12, டி மட்டும் என்றால் பொதுவாகத் தேவையில்லை, கூடவே சர்க்கரையும் பார்ப்பதாக இருந்தால் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். பயோட்டினைத்தான் மறக்காமல் சொல்லுங்கள். அதிக அளவில் எடுத்தால் தைராய்டு உட்பட சில டெஸ்ட்டுகளில் எண் தப்பாக வரும். எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று அவர்களே சொல்வார்கள்.