கனமான பேரலை வெட்டுவதா, லேசான ரைஃபிள் வாங்குவதா?

கொலராடோவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் ரெமிங்டன் 700 வார்மின்ட் ரைஃபிள் இருக்கிறது, .308 ரகத் தோட்டா, 26 அங்குலக் கனமான பேரல் (குழல்). சுடும் பயிற்சி மைதானமான ரேஞ்சில் பிரமாதமாகச் சுடுகிறதாம். ஆனால் போன சீசனில் எல்க் மானைத் தேடி 3,000 மீட்டர் உயரத்தில் நாள் முழுக்கச் சுமந்து அலைந்ததில் தோள் கழன்றுவிட்டது. பேரலை 20 அங்குலமாக வெட்டினால் போதுமா, இல்லை டிக்கா டி3எக்ஸ் லைட் மாதிரி லேசான ரைஃபிள் ஒன்றை வாங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி. ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), பைபாட் (முன்பக்கம் தாங்கும் இரட்டைக் கால்), தோள்வார், தோட்டா எல்லாம் சேர்த்து 5.3 கிலோ வருகிறது என்று எடை போட்டும் எழுதியிருக்கிறார். அந்த ஒரு எண் என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டது.

எடைக்காக மட்டும் என்றால் வெட்டாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏன் என்று புரியும். உங்கள் பேரல் முனையில் சுமார் 0.83 அங்குல விட்டம், அந்த இடத்தில் ஒரு அங்குல நீளத்துக்கு இரும்பு 60 கிராம்தான் தேறும். போகப் போகக் கொஞ்சம் தடிக்கிறது, சரி, 6 அங்குலத்துக்கும் சேர்த்து 370 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான கனம், தோட்டாவை ஏற்றிச் சுடும் பகுதியான ஆக்‌ஷனை ஒட்டிய தடித்த பகுதியில் இருக்கிறது, அங்கே அங்குலத்துக்கு இரு மடங்கு எடை, அதில் யாரும் கை வைக்க முடியாது. அப்புறம் அந்த பைபாட் இருக்கிறதே, அது ஹாரிஸ் மாதிரிச் சாதாரணமானது என்றால் அதுவும் கிட்டத்தட்ட 370 கிராம்தான்! அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பேரலை வெட்டியதற்குச் சமம், ஒரு காசு செலவில்லை, வேண்டும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

ஸ்கோப்பும் அப்படித்தான். 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் 6-24 பவர், 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டது 700 கிராமுக்குக் குறையாது. எல்க் வேட்டைக்கு 2.5-8 பவர் ஸ்கோப் தாராளம், 320 கிராமில் கிடைக்கும். இந்த இரண்டையும் செய்தாலே 4.5 கிலோவுக்கு வந்துவிடுவீர்கள். முதலில் இதைச் செய்துவிட்டு ஒரு மலை ஏறிப் பாருங்கள்.

வெட்டுவதால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. குண்டின் வேகம் குறைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், .308-க்கு அது பெரிய விஷயமில்லை. வெட்டும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வினாடிக்கு 20, 25 அடி குறையும், 6 அங்குலத்துக்கு 120 முதல் 150 அடி. 300 கஜத்தில் குண்டு ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாகத் தாழும், அவ்வளவுதான். கொலராடோ விதி கேட்கும் குறைந்தபட்ச 16 அங்குல பேரல், 100 கஜத்தில் குண்டுக்கு 1,000 அடி-பவுண்டு சக்தி, இரண்டுக்கும் 20 அங்குலம் நன்றாகவே தாங்கும். குறுகிய பேரல் விறைப்பு கூடியது என்பதால் குறி கெடாது. அடர்ந்த மரங்களுக்குள் நுழைந்து நடக்கவும் வசதி, சைலன்ஸர் மாட்டுவதாக இருந்தால் இன்னும் பொருத்தம். சத்தமும் முனையில் வரும் அதிர்வும்தான் நிச்சயம் கூடும்.

வெட்டுவதே முடிவு என்றால் க்ரௌன் (பேரலின் முனை விளிம்பு) போடத் தெரிந்த கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள். குண்டு பேரலை விட்டு வெளியேறும் அந்த விளிம்பு, துளைக்கு நேர் செங்குத்தாக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் தள்ளும் வாயு ஒரு பக்கமாகக் கசிந்து குண்டைச் சாய்த்துவிடும். என்னுடைய ஒரு ரைஃபிளை ஒரு கடையில் அவசரமாக வெட்டிக்கொடுத்தார்கள், ஒரு அங்குலத்துக்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் மூன்று அங்குலம் சிதறின. வேறொருவர் க்ரௌனை லேத்தில் மறுபடி போட்ட பிறகுதான் சரியானது. அதோடு, வெட்டியபின் ஸீரோவை, அதாவது ஸ்கோப் காட்டும் இடத்தில் குண்டு விழுகிறதா என்பதை, மறுபடி பார்க்க வேண்டும், பழைய தூரக் கணக்கு அட்டவணை உதவாது.

என் தீர்ப்பு டிக்காவுக்குத்தான், பணம் இருந்தால். வெறும் ரைஃபிள் 3 கிலோ அளவு, சின்ன ஸ்கோப்போடு 3.5-க்குள் முடித்துவிடலாம், இப்போது சுமப்பதைவிட 1.8 கிலோ குறைவு. பேரலை வெட்டி இந்த எடைக்கு வரவே முடியாது. ஆனால் ஒன்று, சுடும்போது துப்பாக்கி தோளில் உதைக்கும் உதை கூடும். அதே தோட்டாவுக்கு உதையின் சக்தி எடைக்கு நேர் எதிராகப் போகிறது, 5.3-லிருந்து 3.5-க்கு இறங்கினால் ஒன்றரை மடங்கு. பழகாதவர்கள் விசையை இழுக்கும்போதே கண்ணைச் சுருக்கிவிடுவார்கள், மான் காயத்தோடு ஓடிவிடும், அது எனக்குச் சகிக்காத விஷயம். நல்ல ரப்பர் பேட் போட்டு, சீசனுக்கு முன் மண்டியிட்டும் உட்கார்ந்தும் சுட்டுப் பழகுங்கள். மெல்லிய பேரல் சீக்கிரம் சூடாகும், மூன்று குண்டுக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். வேட்டையில் ஒன்றிரண்டுதான் சுடப்போகிறீர்கள் என்பதால் அங்கே அது குறையே இல்லை.

பழைய ரெமிங்டனை விற்றுவிடாதீர்கள். ரேஞ்சில் தொடர்ச்சியாக 20 குண்டு சுட்டும் குறி நகராத பேரல் அது, அந்த வேலைக்கு அதன் 26 அங்குலமும் வேண்டும். டிக்காவுக்கு இந்த வருடம் பணம் சேரவில்லை என்றால் பைபாடைக் கழற்றி, ஸ்கோப்பை மட்டும் மாற்றிக்கொண்டு போங்கள். அந்த ஸ்கோப் அடுத்த வருடம் புதுத் துப்பாக்கிக்கும் உதவும்.