மாமத் தந்தத்தின் தரம்

கேள்வி: அழிந்துபோன யானைக் குடும்ப விலங்கான மாமத்தின் தந்தத்தைச் சிற்பிகள் எவ்வாறு தரம் பிரிக்கிறார்கள்? யானைத் தந்தத்திலிருந்து அதை வேறுபடுத்திக் காண முடியுமா?

பதில்: சைபீரியாவின் யாகூத்தியாவில், பல்லாயிரம் ஆண்டுகள் உருகாத உறைநிலத்தில் கிடந்து, விரிசலின்றி வெண்ணெய் நிறம் மாறாமல் வெளிப்படும் தந்தமே முதல் தரம். நிலம் உருகி உறைவதில் சிக்கி வெயில்பட்ட தந்தம், வளர்ச்சி அடுக்குகளின் வழியே ஏடு ஏடாகப் பிரிந்து, உளி பட்டதும் உதிரும். மண்ணின் கனிமங்கள் ஊறிய மேல்பட்டை பழுப்பேறியிருக்கும். சிலவற்றில் விவியனைட் என்னும் கனிமத்தின் நீலக்கறையும் தென்படும். அந்த நீலத்தைக் குறையென ஒதுக்குவது சரியன்று, நுண்சிற்பத்துக்கு அது பேரழகு.

குறுக்குவெட்டை மெருகேற்றினால், வெளிவிளிம்பருகே ஒன்றையொன்று வெட்டும் ஷ்ரேகர் கோடுகள் என்னும் இயற்கை வரிகளின் கோணம், மாமத்தில் பொதுவாக 90 பாகைக்குக் குறைவாகவும், யானையில் 115 பாகைக்கு மிகுதியாகவும் இருக்கும். இடைப்பட்ட கோணங்கள் இரண்டிலும் வரக்கூடும் என்பதால், பல கோணங்களை அளந்து சராசரி காண்பதே முறை.