யூடியூப்பை மூடலாம், வட்ஸ்அப்பை வாசிக்கலாமா?

கேள்வி: திருகோணமலை உட்துறைமுக வீதியில் கணக்குப் பார்க்கும் கந்தோர் வைத்திருக்கிறேன். 18 பேர் வேலை செய்கிறார்கள். கிரிக்கெட் மேட்ச் நடக்கும் நாளில் வரித் திணைக்களத்தின் தளம்கூடத் திறக்காது, அவ்வளவு பேரும் யூடியூப்பில். தளங்களைத் தடுக்கலாமா? கணினி பார்க்கும் தம்பி, யார் யாருக்கு என்ன எழுதுகிறார்கள் என்பதையும் எடுத்துத் தரலாம் என்கிறார். ஒரு பெண் ஊழியரின் வட்ஸ்அப் உரையாடலை ஏற்கெனவே அச்செடுத்துத் தந்தும் விட்டார். அந்தப் பெண் என்னைப் பற்றித் தாறுமாறாக எழுதியிருக்கிறார். வேலையால் நிறுத்தலாமா?

பதில்: தடுக்கலாம். கணினி உங்களுடையது, இணைப்புக்குக் காசு கட்டுவதும் நீங்கள். ரவுட்டரில், அதாவது இணைப்பைப் பகிர்ந்து தரும் பெட்டியில், யூடியூப்பையும் பேஸ்புக்கையும் மூடினால் உங்கள் தலையிடியில் முக்கால்வாசி போய்விடும். சொந்தக் கைப்பேசியில் சொந்த டேட்டாவில் மேட்ச் பார்த்தால் அது வேலை நேர ஒழுக்கப் பிரச்சினை, ரவுட்டரின் பிரச்சினை அல்ல.

தம்பி சொல்வதுதான் எனக்குப் பயம். இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் பூட்டிய (குறியாக்கம் செய்த) வழியில்தான் ஓடுகின்றன. ரவுட்டருக்குத் தளத்தின் பெயர் தெரியும், உள்ளே எழுதுவது தெரியாது. தளங்களில் எழுதுவதை அந்தப் பெட்டி வழியாக வாசிக்க வேண்டுமானால், பெட்டியையே உண்மையான தளம் என்று கணினி நம்பும்படி ஒவ்வொரு கணினியிலும் தனி டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றைப் போட்டுப் பூட்டை உடைக்க வேண்டும். அப்புறம் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் வங்கித் தளத்தில் கரண்ட் பில் கட்டினால் அவருடைய கடவுச்சொல்லும் உங்கள் பெட்டிக்குள் வந்து விழும். நாளைக்கு அந்தக் கணக்கில் காசு குறைந்தால் முதலில் யாரைக் கேட்பார்கள்?

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், சட்ட அதிகாரமில்லாமல் அடுத்தவரின் தொடர்பாடலை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. 'கணினி என்னுடையதுதானே' என்பீர்கள். வட்ஸ்அப் கணக்கு அவருடையதல்லவா? உங்கள் வாதத்தை நம்பி நான் நீதிமன்றப் படி ஏற மாட்டேன். நமது அரசியலமைப்பில் அந்தரங்கம் தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை, உண்மைதான். ஆனால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எதற்காகச் சேர்க்கிறோம் என்று சொல்லிவிட்டுத் தேவையான அளவுக்கு மட்டும் சேர் என்பதுதான் அதன் சாரம்.

சரி, வேலைநீக்கம். உங்களிடம் 15 பேருக்குக் குறையாமல் இருப்பதால், ஊழியர்களை வேலைநீக்குவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் உங்களைப் பிடிக்கும். ஒழுக்காற்று நடவடிக்கையாக நிறுத்தினாலும், நிறுத்திய பின் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அவர் வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போனால் உங்களிடம் கேட்கப்போவது இதுதான்: விதி எங்கே, எச்சரித்த கடிதம் எங்கே? இப்போது உங்களிடம் இரண்டுமில்லை. முதலாளியைத் திட்டி நண்பிக்கு எழுதியதற்காக மட்டும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் அங்கே நிற்பது கஷ்டம்.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: "கந்தோர் இணைப்பு வேலைக்கானது. மதிய இடைவேளையில் வங்கி, செய்தி பார்க்கலாம். எந்தத் தளம், எத்தனை மணிக்கு என்ற பதிவு 30 நாள் இருக்கும். எழுதுவதை யாரும் வாசிக்கமாட்டோம்." ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நியமனக் கடிதம் மாதிரி ஆங்கிலத்தில் மட்டும் நீட்ட வேண்டாம், தமிழிலும் கொடுங்கள். சிங்களம் வாசிப்பவர் இருந்தால் அதிலும்.

அந்த அச்சுப் பிரதியை யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போட வேண்டாம். தம்பியை இத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பிரதியை ஓர் உறையில் போட்டு, அந்தப் பெண்ணின் நியமனக் கடிதத்தோடு, எந்தக் கடிதமும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் போங்கள்.