கரையோரக் கேள்விகள்: மார்கழியில் அறுகம்குடா வேண்டாம்

*ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் பிள்ளைகள் மார்கழி விடுமுறைக்கு வருகிறார்கள். அறுகம்குடாவில் அலைச்சறுக்கு ஆட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். விடுதியில் இடம் பிடித்து வைக்கட்டுமா?*
— வாசகி, வவுனியா

பிடிக்காதீர்கள். மார்கழியில் வந்தால் மழையும் கலங்கிய கடலும்தான் அவர்களுக்குக் கிடைக்கும். நான் கிழக்குக் கரையில், அறுகம்குடாவுக்கு வடக்கே இருக்கும் கோமாரியில் வளர்ந்தவள். வாடைக்காற்று தொடங்கியதும் எங்கள் பக்கத்துக் கடல் எப்படி மாறும் என்று கண்ணால் கண்டிருக்கிறேன். காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கும். அலை ஒழுங்காக எழும்புவதற்குள் உடைந்து நுரையாகிவிடும். வெள்ளம், கடலோர ஏரியான களப்பின் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு போவதால் தண்ணீரும் மண்ணிறமாகிவிடும்.

சித்திரை முடிவிலிருந்து புரட்டாசி வரை கதை வேறு. அந்த மாதங்களில் தென்துருவப் பக்கத்துப் பெருங்கடலில் புயல்கள் வீசும். அவை கிளப்பும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி வந்து, எங்கள் கரையின் முனைகளைச் சுற்றி வளைந்து உள்ளே நுழைகிறது. முனையில் உடையத் தொடங்கிய அலை கரையோரமாக நீளத்துக்கு உடைந்துகொண்டே போகும். அறுகம்குடாவின் பெரிய அலைமுனையான மெயின் பொயின்ற்றில் நல்ல நாளில் ஒரே அலையில் சில நூறு மீற்றர் போகலாம். அதே காலத்தில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசி அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். அதனால்தான் வெள்ளைக்காரர்கள் விடியுமுன் அலைச்சறுக்குப் பலகையோடு ஓடுகிறார்கள்.

பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்க வேண்டாம். மார்கழியில் தெற்குக் கரை நன்றாக இருக்கும். வெலிகமைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே மணல் அடி, அகன்ற குடா, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற அலை. ஓரளவு பழகியவர்களுக்குப் பக்கத்தில் மிதிகம இருக்கிறது. அறுகம்குடாவை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*என் மகளுக்கு 16 வயது. அலைச்சறுக்கு பழக ஆசைப்படுகிறாள். “பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு” என்று அவள் மாமா தடுக்கிறார். எனக்கும் கடல் என்றால் பயம். என்ன செய்யட்டும்?*
— தாய், கல்முனை

அனுப்புங்கள் அக்கா. மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள்: இலங்கையின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் 2018இல் அறுகம்குடாவில்தான் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் பிள்ளை பெற்ற அம்மாமாரும் இருந்தார்கள். உடுப்பு ஒரு பிரச்சினையே இல்லை. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை போட்டுத்தான் பலரும் இறங்குகிறார்கள். வெயிலுக்கும் பலகை உரசலுக்கும் அதுதான் நல்லது.

உங்கள் பயம் நியாயமான பயம். 2004 மார்கழி (டிசெம்பர்) 26 சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையில் எந்தத் தாய்க்குத்தான் அது இல்லை? நாட்டிலேயே அதிகம் உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது. அந்தப் பயத்தைப் போக்க என்னிடம் சொல் இல்லை. ஆனால் அன்றாடக் கடலைப் படிக்கப் பழகலாம்.

முதல் நாள் பலகையைத் தொட விடாதீர்கள். மகளோடு மணலில் கால் மணி நேரம் இருந்து தண்ணீரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, மேலே நுரையும் மணலும் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். பார்வைக்கு அதுதான் குளிக்க நல்ல இடம் போல இருக்கும். ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் நீரோட்டமான இழுவை இருக்கும் இடமும் அதுதான். அகப்பட்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் அடிக்கக் கூடாது. அது ஆளைக் களைக்க வைத்துக் கொன்றுவிடும். பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் போய், அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலையோடு திரும்ப வேண்டும்.

பழகும் இடம் பேபி பொயின்ற். குடாவுக்குள் ஒதுங்கிய இடம், அடியில் மணல். மெயின் பொயின்ற்றின் அடி பாறை, அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரிய மென்பலகையாகக் கேளுங்கள். சொல்லிக் கொடுப்பவர் குடாவை ஒட்டிய உல்லைக் கிராமத்துப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. மீன்பிடிக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்குத் தெரிந்த கடல், எங்கிருந்தோ வந்து சீசனுக்குக் கடை போட்டவனுக்குத் தெரியாது.

*மட்டக்களப்பிலிருந்து அறுகம்குடாவுக்கு பஸ்ஸில் வரலாமா?*
— வாசகர், ஏறாவூர்

தாராளமாக. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவில். நேர் பஸ் கிடைக்காவிட்டால் அக்கரைப்பற்றில் மாறுங்கள். பொத்துவிலிலிருந்து குடாவுக்கு ஓட்டோ. ஏறுமுன் காசு பேசிவிடுங்கள்.

*தமிழ்நாட்டிலிருந்து ஆனி மாதம் வருகிறோம். எங்களுக்கு நீச்சலே தெரியாது. அறுகம்குடாவில் எங்களுக்கு என்ன இருக்கிறது?*
— வாசகர், திருச்சி

நிறைய இருக்கிறது ஐயா. காலமை வெள்ளெனக் குடாவின் தெற்கு மூலைக்கு நடந்து போங்கள். வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம். மீன் ஏலம் போவதைப் பாருங்கள், ஆனால் வள்ளம் ஏற்றும் பாதையில் நிற்காதீர்கள். அங்கே பலகையைப் போட்டுவிட்டுப் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது அவர்கள் தொழில் செய்யும் இடம். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தபோது, அந்த மண்ணுக்காக அலைந்தவர்கள் இந்தச் சனங்கள்.

பொத்துவில் பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர். கடைத்தெருவுக்குள் குளியல் உடுப்போடு போகாதீர்கள். எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கிக் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடுங்கள். கடலோரமாக மணல்மேட்டுக்குள் முகுது மகா விகாரையின் பழைய சிலைகள் நிற்கின்றன, அதையும் பார்க்கலாம்.

அப்புறம் தெற்கே பாணமை, அதற்கும் அப்பால் உகந்தை. முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் உகந்தை என்பது ஐதீகம். மலைமேல் பாறைச் சுனைகள், கீழே கடல், பின்னால் குமண காடு. ஆனி, ஆடியில் வந்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். கதிர்காமக் கொடியேற்றத்துக்காக வடக்கிலிருந்தே நடந்து வரும் அடியார்கள் பொத்துவில் தாண்டி இந்தத் தெருவில்தான் போவார்கள். காவி வேட்டி, தலையில் பொட்டலம், வாயில் அரோகரா. அதே தெருவில் பலகை கட்டிய ஓட்டோக்களும் போகும். அடியார்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுங்கள், காட்டுக்குள் அது பெரிய உதவி.

பாணமைத் தெருவில் பொழுதுபட யானை இறங்கும். நாலரைக்கே திரும்பிவிடுங்கள். களப்புகளில் முதலை உண்டு, கால் கழுவக்கூட இறங்க வேண்டாம்.