மதுவால் வரும் வயிற்றுப்புண்ணுக்குக் கொலஸ்ட்ரோல் குளிசை கொடுக்கலாமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 49 வயது. வேலை முடிந்து வந்தால் பெரும்பாலான நாட்களில் சாராயம் அருந்துவார். சில மாதங்களாக நெஞ்சுக்குழியில் எரிவும் வலியும் இருக்கின்றன. ஆனாலும் வைத்தியரிடம் வர மறுக்கிறார். நான் எடுக்கும் அட்டோவாஸ்டட்டின் 20 மில்லிகிராம் குளிசை மதுவினால் உண்டாகும் வயிற்றுப்புண்ணையும் தடுக்கும் என்று வாசித்தேன். என்னுடையதில் தினமும் ஒன்றை அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் வாசித்தது பொய்யான செய்தி அல்ல. ஆனால் அது ஆய்வுகூட எலிகளைப் பற்றியது.

ஸ்டட்டின் எனப்படும் இந்த வகை மருந்துகள், ஈரலில் கொலஸ்ட்ரோல் உருவாவதற்குத் தேவையான நொதி ஒன்றைத் தடுக்கின்றன. அவை அழற்சியையும் தணிக்கின்றன, இரத்தக் குழாய்களின் உட்சுவரில் நைத்திரிக் ஒட்சைட்டு உருவாவதையும் கூட்டுகின்றன என்பது பின்னர் தெரியவந்தது. இரைப்பை தன் அமிலத்தாலேயே அரிக்கப்படாமல் இருப்பதற்கு, அதன் சளிப்படையும் தடையற்ற இரத்த ஓட்டமும் புரொஸ்டகிளாண்டின் என்னும் பொருளும் காவலாக இருக்கின்றன. ஆகவே ஸ்டட்டின் இந்தக் காவலைப் பலப்படுத்துமா என்று ஆய்வாளர்கள் தேடியது நியாயமானதே. எலிகளுக்கு மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பட்டினி வயிற்றில் செறிந்த மதுசாரத்தைச் செலுத்தியபோது, மருந்து பெறாத எலிகளைவிட அவற்றில் புண்கள் குறைவாகக் காணப்பட்டன.

இங்கே மருந்து முதலிலும் காயம் பின்னரும் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். உங்கள் கணவருக்கோ வலி வந்து மாதங்கள் ஆகிவிட்டன. எலியின் வயிற்றில் ஒரு மணித்தியாலத்துக்குள் தோன்றும் இரத்தக்கசிவுக் காயமும், மனிதரில் நாட்பட்டு உருவாகும் புண்ணும் ஒன்றல்ல. பின்னதற்குப் பெரும்பாலும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியாவோ, டைக்ளோபெனாக், இபுபுரொபன், அஸ்பிரின் போன்ற நோவு மருந்துகளோ காரணமாகின்றன. மது உட்சவ்வை அரித்து, புண் ஆறுவதைத் தாமதப்படுத்தி, இரத்தம் கசியும் ஆபத்தைக் கூட்டுகிறது. அளவும் பொருந்தாது: எலிக்குக் கிலோ ஒன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவை, எடையை மட்டும் பாராமல் உடற்பரப்பளவைக் கொண்டு கணக்கிடும் வழக்கமான முறையில் மனிதருக்கு மாற்றினால், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 97 மில்லிகிராம் வரும், அட்டோவாஸ்டட்டினின் உச்ச நாளாந்த அளவோ 80 மில்லிகிராம்தான்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, அவர் இக்குளிசையை எடுப்பது வைத்தியருக்குத் தெரியாமற் போவதே. பக்டீரியா இருப்பது உறுதியானால் வழக்கமாகக் கொடுக்கப்படும் கூட்டுச் சிகிச்சையில் கிளாரித்ரோமைசின் இடம்பெறுவதுண்டு. அது அட்டோவாஸ்டட்டின் உடலில் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடும். தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் அளவுக்கு அது போகக்கூடும். தொடர்ந்து மது அருந்துபவரின் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் இரத்தப் பரிசோதனை செய்யாமல் தெரியாது. ஈரல் நோய் முற்றியிருந்தால் ஸ்டட்டின் கொடுக்கவே கூடாது.

ஆகவே, குடும்ப வைத்தியரிடமோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கோ அவரை எப்படியாவது அழைத்துச் செல்லுங்கள். எண்டோஸ்கோப்பி (கமெரா பொருத்திய குழாயால் இரைப்பையின் உள்ளே பார்ப்பது) தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். இரைப்பைப் புண்ணுக்கு ஒமெப்பிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்து பொதுவாக 4 முதல் 8 வாரங்கள் வரை, காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் கொடுக்கப்படும். ஆனால் அதைப் பாமசியில் நீங்களாக வாங்கித் தொடங்கிவிட வேண்டாம்; பக்டீரியாவைக் கண்டறியும் மூச்சு, மலப் பரிசோதனைகளுக்கு முன் 2 வாரங்கள் அதை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு தவறாக வரலாம். உடம்பு நோவுக்கு அவர் ஏதேனும் குளிசை போடுகிறாரா என்பதையும் கேட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, மறுநாள் வரை பொறுக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

மதுவை நிறுத்தாமல் எந்த மருந்தும் முழுப்பலன் தராது. எனினும், நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தும்போது முதல் இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்பதால், எவ்வளவு குடிக்கிறார் என்பதை ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லி, அவருடைய மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

அவருக்கும் கொலஸ்ட்ரோல் கூடியிருந்தால், இருதயத்தைக் காப்பதற்காக அவருக்கே ஸ்டட்டின் எழுதித் தரப்படலாம். ஈரல் நிலையைப் பார்த்து, அவருக்கேற்ற அளவில் அது தரப்படும். உங்கள் குளிசைகள் அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் உங்களுக்கென எண்ணித் தரப்பட்டவை. பகிர்ந்தால் உங்கள் சிகிச்சை பாதியில் தடைப்படும். அவற்றை நீங்களே தவறாமல் எடுங்கள்.