கட்டடமும் கேமராவும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் கட்டடக்கலை முதுகலை படிக்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஐரோப்பாவின் புதிய கட்டடங்களைப் பற்றிச் சின்னச் சின்னக் குறும்படங்கள் எடுக்கிறோம். ட்ரோன் காட்சி, நல்ல வெளிச்சம், பின்னணி இசை எல்லாம் இருக்கிறது. ஆனால் போட்டுப் பார்த்தால் அடுக்குமாடி விளம்பரம் மாதிரி இருக்கிறது. எங்கே தவறுகிறோம்? அடுத்து பிரான்ஸில் போர்தோ நகரத்தின் கிராண்ட் பார்க் குடியிருப்பை எடுக்கப்போகிறோம்.

க.

அன்புள்ள க.,

விளம்பரம் எதைக் காட்டுமோ அதையே நீங்களும் காட்டுகிறீர்கள்: ஆளில்லாத நேரத்துக் கட்டடத்தை. கிராண்ட் பார்க்கில் அப்படி எடுத்தால் ஒன்றுமே கிடைக்காது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

1960களில் கட்டிய மூன்று கட்டடங்கள், 530 வீடுகள். இடித்துவிடலாம் என்றுகூடப் பேச்சு இருந்தது. ஆன் லகாத்தோன், ழான்-ஃபிலிப் வசால் இருவரும் வேறு இரு கட்டடக்கலைஞர்களோடு சேர்ந்து இடிக்காமலே அதை மாற்றினார்கள். சின்ன ஜன்னல்களை எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் 3.8 மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும் சேர்த்தார்கள். வேலை நடக்கும்போதும் குடியிருந்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 2019இல் கட்டடக்கலைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ விருது அதற்குக் கிடைத்தது.

தெருவில் நின்று பார்த்தால் நீளமான கண்ணாடிச் சுவர், அவ்வளவுதான். விஷயம் முழுக்க அந்த 3.8 மீட்டருக்குள் இருக்கிறது. காலையில் தகட்டுக் கதவைத் தள்ளுகிற சத்தம், வெயில் ஏறினால் திரையை இழுத்துவிடுவது, குளிர்காலத்தில் அங்கே சூடாகும் காற்று உள்ளே வரட்டும் என்று அறைக்கதவைத் திறந்துவைப்பது. புகைப்படத்தில் இது எதுவும் வராது. படத்தில் வரும், அதில் நேரமும் ஒலியும் இருப்பதால். இசையை எடுத்துவிடுங்கள். மழை பெய்தால் வெளியேறாதீர்கள், பாலிகார்பனேட் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் தகட்டில் மழை விழுவதைப் பதிவு செய்யுங்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள இரண்டு வீடுகளில் அனுமதி கேளுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் கேமராவை வைத்து அசையாமல் எடுங்கள். ஒருவர் அங்கே செடி வளர்ப்பார், இன்னொருவர் சாப்பாட்டு மேசை போட்டிருப்பார். கட்டடக்கலைஞர் எதையும் தீர்மானிக்காமல் விட்ட இடத்தை மக்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் அந்தக் கட்டடம். பழைய ஜன்னல் வழியாக முன்பு என்ன தெரிந்தது என்று நீண்டநாள் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். முதல் நாள் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம், அது அவர்கள் வீடு.

அப்புறம், சட்டம். பிரான்ஸில் பொது இடத்தில் உள்ள கட்டடத்தைத் தனிநபர் படமெடுத்து வெளியிட 2016லிருந்து இடமுண்டு, ஆனால் வணிக நோக்கம் இருக்கக் கூடாது. ஜெர்மனியில் தெருவிலிருந்து எடுக்கலாம். ட்ரோனுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று 2024இல் அங்குள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் (BGH) சொல்லிவிட்டது.

போர்தோ போகுமுன் ஜெர்மனியிலேயே உள்ள ப்ரவுன்ஷ்வைக் பல்கலைக்கழகத்தின் மாணவர் படிப்பு அரங்கில் பழகிப் பாருங்கள். 2024இல் அதே விருதைப் பெற்றது. மூன்று மீட்டர் கட்டங்களில் நிற்கும் பத்து சென்டிமீட்டர் எஃகுத் தூண்கள். மொத்தத்தையும் கழற்றி வேறிடத்தில் பூட்டலாம். தேர்வு நேரத்தில் போங்கள். யார் எந்த மூலையைப் பிடிக்கிறார்கள், நாற்காலி எங்கெல்லாம் நகர்கிறது, திரைச்சீலையை யார் எப்போது இழுக்கிறார்கள் என்று ஒரு முழு நாள் பாருங்கள். எடுத்ததை அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.