நிர்வாக சபைக்கு யாரை எடுப்பது? திருகோணமலையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

சுற்றாடலுக்கும் பொதுநலனுக்கும் குரல் கொடுக்கும் அமைப்புகளின் நிர்வாக சபை பற்றிக் கேளுங்கள். நிதி தேடுவதும் முன்மொழிவு எழுதுவதும் வேறு பாடம். அதை இதற்குள் கொண்டுவர வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்பவரின் ஊர்.

உப்புவெளி: சேர், புதிதாக அமைப்பொன்று தொடங்குகிறோம். எப்படிப்பட்ட ஆட்களைச் சபைக்கு எடுக்கவேண்டும்?

பெயர்களை எழுத முதல் கலண்டரை எடுத்து வையுங்கள். ஒரு திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள்தான். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்ட தகவலை மறுத்தால், மேன்முறையீட்டுக்கு 14 நாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடித் தேநீர் குடித்துக் கலையும் சபைக்கு இவற்றில் ஒன்றும் அகப்படாது.

சுற்றாடல் அறிக்கை வெளியான அறிவித்தல் வந்த மூன்றாம் நாளுக்குள் மூன்று பேராவது கூடி, எதிர்ப்பதா, திருத்தம் கேட்பதா, விட்டுவிடுவதா என்று பேசவேண்டும். பத்தாம் நாளுக்குள் அறிக்கை வாசித்து முடிந்திருக்கவேண்டும். இருபதாம் நாள் வரைவு. இருபத்தைந்தாம் நாள் பதிவுத் தபாலில் போய்விடவேண்டும். கடைசி நாளை நம்பினால் அது போயா தினமாக வந்து நிற்கும்.

இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுப்பவர்களைத் தேடுங்கள். நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கையை ஒரு கிழமையில் வாசித்து, மீனவருக்கு விளங்கும் தமிழில் சொல்லக்கூடிய ஒருவர். கணக்குத் தெரிந்த ஒருவர். கோணேசபுரியில் திருகோணமலை வளாகமே இருக்கிறது, அங்கே வணிகம் படித்து வெளியேறியவர்களை விசாரியுங்கள். உங்களிடம் கட்டணம் வாங்காத சட்டத்தரணி ஒருவர். வழக்கை நடத்துபவரும் நடத்தச் சொல்லி வாக்களிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. கடலையோ வயலையோ நம்பிப் பிழைப்பவர்கள் இருவர். சிங்களத்தில் தடையில்லாமல் எழுதிப் பேசக்கூடிய ஒருவர். சேருவிலவிலும் கந்தளாயிலும் வேலை இருந்தும் சிங்களவர் ஒருவர்கூட இல்லாத சபைக்கு அந்தப் பக்கம் காது இல்லை.

இன்னொருவர் கட்டாயம் வேண்டும், இவரைத்தான் எல்லோரும் மறப்பது: சத்தியக்கடதாசியில், அதாவது சத்தியம் செய்து நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் எழுத்தில், தன் பெயரைப் போடத் துணிந்தவர். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையம் ஒன்றால் நிலத்தடி நீர் மாசுபட்ட வழக்கில் மனுதாரராக நின்றவர் ஒரு சுற்றாடல் அமைப்பின் தலைவர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெயரைக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அந்த மனு மேசையிலேயே கிடந்திருக்கும். ஆகவே சேர்க்கும்போதே கேளுங்கள்: "எங்களுடைய மனுவில் உங்கள் பெயர் வந்தால் வீட்டிலோ வேலையிலோ சிக்கல் வருமா?" வரும் என்பவரையும் எடுக்கலாம், அந்த வேலைக்கு மட்டும் எண்ணவேண்டாம். எல்லோருமே வரும் என்றால் அது படிப்பு வட்டம்.

மூதூர்: எத்தனை பேர் இருக்கவேண்டும்?

ஏழு. நிறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இருக்கவேண்டியவர்கள், நான்கு. ஐந்து பேர் என்றால், இரண்டு பேர் வராமல் ஒருவர் நலன் முரண்பாட்டால், அதாவது தன் சொந்த லாப நட்டம் சம்பந்தப்பட்டதால், எழும்பிப் போனதும் இருவர்தான் மிச்சம். பதினொரு பேர் என்றால் கூட்டம் வைக்க நாள் கிடைக்காது. நீங்கள் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக (பங்குக்குப் பதிலாக அங்கத்தவரின் உத்தரவாதத்தில் நிற்பது) பதிந்தால் சட்டம் கேட்பது குறைந்தது இரண்டு இயக்குநர்கள். அது பதிவதற்குப் போதும், வேலைக்குப் போதாது.

தம்பலகாமம்: ஓய்வுபெற்ற பிரதேச செயலாளர் ஒருவர் தலைவராக வரத் தயார். இன்னும் சேவையில் இருக்கும் உத்தியோகத்தர் ஒருவரும் விரும்புகிறார். எடுக்கலாமா?

ஓய்வுபெற்றவரைத் தாராளமாக எடுங்கள். எந்தக் கோப்பு எந்த அலுமாரியில் தூங்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நேராகத் தலைவராக்க வேண்டாம், ஒரு வருடம் அங்கத்தவராக இருக்கட்டும். முப்பது வருடம் கையெழுத்தால் கட்டளையிட்டவருக்கு வாக்கெடுப்பில் தோற்பது புதுப் பழக்கம்.

சேவையில் இருப்பவர் திணைக்களத் தலைவரின் எழுத்துமூல அனுமதி கொண்டுவரவேண்டும். கொண்டுவந்தாலும், நாளைக்கு நீங்கள் எழுதும் முதலாவது தகவல் கோரிக்கை அவருடைய அலுவலகத்துக்கே போகும். அவரை ஆலோசகராக வையுங்கள்.

குச்சவெளி: பெரிய பேராசிரியர் ஒருவரின் பெயர் இருந்தால் அமைப்புக்கு மதிப்பு வரும்தானே?

கடிதத் தலைப்புக்கு மதிப்பு வரும். அவர் கூட்டத்துக்கு வருவாரா? பார்வையாளராக இரண்டு கூட்டத்துக்கு அழையுங்கள். இரண்டுக்கும் வந்து, அனுப்பிய கடதாசிகளை வாசித்ததற்கு அடையாளமாக ஒரு கேள்வியாவது கேட்டால் எடுங்கள். வராவிட்டால் நன்றிக் கடிதம் ஒன்றோடு விட்டுவிடுங்கள்.

எவராக இருந்தாலும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் பெயரை அச்சிட வேண்டாம். கம்பனியென்றால் இயக்குநரின் சம்மதத்துக்கு 18ஆம் படிவம் இருக்கிறது, கையெழுத்தோடு கோப்பில் இருக்கவேண்டும். "போனில் ஓம் என்றவர்" சம்மதித்தவர் அல்ல.

நிலாவெளி: எங்கள் கரைக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர்களின் சங்கத் தலைவரைச் சபைக்கு எடுக்க யோசிக்கிறோம். முருகைக்கல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வேறு ஆருக்கும் தெரியாது.

உங்கள் அமைப்பு புறாத்தீவைப் பற்றி என்ன கோரப்போகிறது?

நிலாவெளி: ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் போகலாம் என்று வரம்பு வைக்கச் சொல்லி.

அப்படியென்றால் அவர் வேண்டாம். வரம்பு வந்தால் அவருடைய சங்கத்துக்கு வருமானம் குறையும். அவர் நல்ல மனிசனாகவே இருக்கட்டும், அவரைத் தெரிந்தெடுத்தது அந்தப் படகுக்காரர்கள்.

நிலாவெளி: இது நியாயமில்லை சேர். வெளியில் இருந்து வந்தவர்கள் சபையில் இருந்து எங்கள் கடலைப் பற்றி முடிவெடுக்க, நாங்கள் வாசலில் நிற்கவோ? 2003 இல் அது தேசியப் பூங்காவான நாளிலிருந்து எங்களைக் கேட்காமல்தான் எல்லாம் நடக்கிறது.

உங்கள் கோபம் சரி. ஆனால் கேட்பது வேறு, வாக்குக் கொடுப்பது வேறு. ஆலோசனைக் குழுவில் அவரை முதல் ஆளாகப் போடுங்கள், அவர் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுதுங்கள்.

நகரத்திலிருந்து ஒரு சட்டத்தரணி: குறுக்கிடுகிறேன். நீங்கள் சொல்லும் விதிப்படி மீனவர் ஒருவரும் சபையில் இருக்க முடியாது. டைனமைற் மீன்பிடியை நிறுத்தினால் அவருக்கும் லாபம்தானே? முதல் பதிலில் மீனவரை எடுக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கோடு இங்கே விழுகிறது: டைனமைற் நின்றால் கொட்டியாரக் குடா முழுக்க வலை போடும் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி நன்மை. அது பொது நலன், அதை மறைக்கத் தேவையில்லை. படகு எண்ணிக்கையைக் குறைக்கும்போது பாதிப்பு குறிப்பிட்ட சிலரின் கையில் விழுகிறது. அதோடு, சங்கத் தலைவர் என்பவர் ஏற்கனவே ஒரு இடத்துக்கு வாக்குக் கொடுத்து வந்தவர். உங்கள் சபையில் அவர் சுயமாக வாக்களித்தால் அங்கே துரோகி, அங்கே சொன்னபடி வாக்களித்தால் இங்கே துரோகி.

சட்டத்தரணி: அப்போ சாதாரண படகோட்டி ஒருவர்?

அவரை எடுக்கலாம். இரண்டு நிபந்தனை: தன் படகையும் குடும்பத்தின் படகுகளையும் எழுத்தில் அறிவிக்கவேண்டும், புறாத்தீவு பேசப்படும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும். மூலையில் சும்மா இருப்பதும் செல்லாது, அவர் முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் வாக்கை மாற்றுவார்கள். குறிப்பில் இப்படி இருக்கவேண்டும்:

"விடயம் 4: புறாத்தீவுப் பார்வையாளர் வரம்பு கோரும் கடிதம். அங்கத்தவர் ஒருவர் தன் குடும்பத்துக்குப் படகு இருப்பதை அறிவித்து 4.20க்கு வெளியேறினார். எஞ்சிய ஐவரில் நால்வர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அவர் 4.45க்குத் திரும்பினார்."

நேரம் எழுதாத குறிப்பு குறிப்பே அல்ல. பிறகு "அவரும் இருந்துதான் முடிவெடுத்தீர்கள்" என்று ஒருவர் சொன்னால் காட்ட எதுவும் இராது.

நிலாவெளி: தலைவரை விட்டுவிட்டு உறுப்பினரை எடுத்தால் தலைவர் சும்மா விடுவாரா?

விடமாட்டார். அதனால் சங்கத்துக்குக் கடிதம் எழுதி நான்கு பெயர் கேளுங்கள், அதில் ஒருவரை நீங்கள் தெரிவுசெய்யுங்கள். அவர் சங்கத்தின் பிரதிநிதியாக வரவில்லை, தன் புத்திப்படி வாக்களிப்பார் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

கிண்ணியா: இதே விதி ஹோட்டல்காரருக்கும் பொருந்துமா? எங்களுக்கு மண்டபம் இலவசமாகத் தருபவர் அவர்.

பொருந்தும், இன்னும் கடுமையாக. மண்டபம் தருபவர் நன்கொடையாளர். நன்றி சொல்லுங்கள், பற்றுச்சீட்டுக் கொடுங்கள், கதிரை கொடுக்க வேண்டாம். கரையோரக் கட்டடங்கள் பற்றி நீங்கள் வாய் திறக்கும் நாளில் அந்த மண்டபத்துக்குப் பூட்டு விழும்.

கிண்ணியா: மணல் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்?

மகாவலி மணலைப் பற்றி ஒரு சொல் பேசும் அமைப்பென்றாலும் இல்லை.

கிண்ணியா: அவருடைய மச்சான்?

அறிவிக்கட்டும், மணல் வரும்போது வெளியேறட்டும். இரண்டில் ஒன்றுக்கு முகம் சுளித்தால் வேண்டாம்.

சம்பூர்: எங்கள் ஊரில் அனல் மின் நிலையம் வேண்டும் என்று நின்றவர்களும் உண்டு, வேண்டாம் என்றவர்களும் உண்டு. சபைக்கு எதிர்த்தவர்களை மட்டும்தான் எடுக்கவேண்டுமா?

வேண்டாம். நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்று 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்ததோடு அந்தத் திட்டம் நின்றது. வேலை கிடைக்கும் என்று அதை விரும்பியவர் நாளைக்கு உங்கள் அறிக்கைகளில் உள்ள ஓட்டையை முதலில் காண்பார். அமைப்பின் நோக்கத்தை எழுத்தில் ஏற்றுக்கொள்கிறாரா என்று மட்டும் பாருங்கள். ஏழில் ஒருவர் இப்படி இருந்தால் நல்லது, நான்கு பேர் என்றால் அமைப்பு நகராது.

மூதூர்: ஏழு பேரா, ஒன்பது பேரா நல்லது?

மேலே பாருங்கள்.

வெருகல்: திட்டப் பணிப்பாளர், அவருடைய மனைவி, தம்பி மூவரும்தான் ஆரம்பித்தோம். மூவரும் சபையில் இருக்கலாமா?

சட்டம் தடுக்காமல் இருக்கலாம், நான் தடுப்பேன். சம்பளம் வாங்கும் பணிப்பாளர் கூட்டத்துக்கு வரட்டும், பேசட்டும், வாக்கு வேண்டாம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மேல் சபையில் வேண்டாம். காசோலையில் கையெழுத்திடும் இருவர் உறவினராக இருக்கவே கூடாது.

காசோலையில் நடக்கும் கூத்து இதுதான்: பொருளாளர் கொழும்புக்குப் போகமுன் ஐந்து வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார், "அவசரத்துக்கு". இரண்டு கையெழுத்து என்ற விதி அந்த நிமிடமே செத்துவிட்டது. அடிக்கடி வெளியூர் போகும் ஒருவரைப் பொருளாளராக எடுக்க வேண்டாம். மூன்று பேரைக் கையெழுத்தாளராகப் பதிந்து, எந்த இருவரும் போதும் என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

நகரம்: எவ்வளவு காலத்துக்கு நியமிப்பது?

மூன்று வருடம், ஒருமுறை நீடிக்கலாம், பிறகு ஒரு வருட இடைவெளி. முதல் சபையில் மட்டும் சீட்டுக் குலுக்கி இரண்டு பேருக்கு ஒரு வருடம், இரண்டு பேருக்கு இரண்டு, மிச்சம் மூவருக்கு மூன்று என்று கொடுங்கள். எல்லோரும் ஒரே நாளில் போனால் வழக்கு நடுவில் நிற்கும்போது கோப்புத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். கம்பனியென்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் 20ஆம் படிவத்தில் பதிவாளருக்கு அறிவியுங்கள். அறிவிக்காமல் விட்டால் போனவர் கடதாசியில் இயக்குநராகவே இருப்பார், அவருக்கும் தலையிடி.

தம்பலகாமம்: பிரதேச சபை உறுப்பினரைச் சேர்க்கலாமா? எங்கள் பக்கத்து நல்ல மனிதர்.

வேண்டாம். குப்பை கொட்டும் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதும் முதல் கடிதம் அந்தச் சபைக்கே போகும். தேர்தலில் தோற்றால் ஒரு வருடம் கழித்து வரச் சொல்லுங்கள்.

குச்சவெளி: வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளையை?

ஒருவர் போதும், கையெழுத்தாளராக வேண்டாம். கூட்டம் கூடாமல் எழுத்தில் அனுப்பி எடுக்கும் சுற்றறிக்கைத் தீர்மானத்துக்கு 48 மணித்தியாலத்துக்குள் மின்னஞ்சலில் பதில் தருவார் என்றால் பயன். அந்த வசதி யாப்பில், அதாவது அமைப்பின் விதிக்கோவையில், எழுதியிருக்கவேண்டும். எழுதாமல் வட்ஸ்அப்பில் எடுத்த முடிவு நாளைக்குக் கேள்விக்குள்ளாகும்.

உப்புவெளி: கூட்டத்துக்கு மீனவர்கள் வருவதேயில்லை. ஆர்வம் இல்லையா?

எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்? கடலுக்குப் போய் வந்தவருக்குக் காலை பத்து மணி தூக்க நேரம். வெள்ளி மதியத்தில் வைத்தால் முஸ்லிம் அங்கத்தவர்களை நீங்களே வெளியேற்றுகிறீர்கள். சனி பின்னேரம் நாலு மணி பெரும்பாலும் பொருந்தும். வெருகலில் இருந்து வருபவருக்குப் பஸ் காசைக் கூட்டம் முடிந்த கையோடு கொடுங்கள். கூலி வேண்டாம், செலவு மட்டும், கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூதூர்: சபைக்கு ஐந்து பேர் போதாதா?

தம்பி, இது மூன்றாவது தரம். ஏழு.

வெருகல்: நிதி தரும் நிறுவனங்களின் பட்டியல் ஒன்று தரமுடியுமா?

முதல் பந்தியைப் பாருங்கள்.

நகரம்: வராத அங்கத்தவரை எப்படி நீக்குவது? முகம் முறியக்கூடாது.

தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குக் காரணம் அறிவிக்காமல் வராவிட்டால் பதவி தானாக வெற்றிடமாகும் என்று யாப்பில் ஒரு வரி போடுங்கள். பிறகு நீங்கள் நீக்கவில்லை, யாப்பு நீக்கியது. இரண்டாவது கூட்டம் தவறியதும் செயலாளர் ஒரு கடிதம் அனுப்பவேண்டும், பிரதி கோப்பில் இருக்கவேண்டும். அந்த வரி இன்னும் யாப்பில் இல்லையென்றால் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் திருத்தமாகப் போடுங்கள். வராதவருக்கும் அறிவித்தல் போகவேண்டும்.